இருபது பயிற்சி, ஒன்பது ஆட்டம்: ஒரு பயிற்றுநரை நாங்கள் நீக்கிய விதம்

2024 மே 20, திங்கட்கிழமை இரவு. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் கடையின் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பின்வரிசை மேசையில் ஏழு பேர் உட்கார்ந்து எங்கள் காற்பந்துக் குழுவின் பயிற்றுநரை நீக்கினோம். நான்குக்கு மூன்று. கை தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். ஒன்பது வருடமாக அந்தக் குழுவின் செயலாளர் நான்தான். பேட்டியின்போது அந்த மனிதர் இரண்டு பருவம் கேட்டிருந்தார், நாங்கள் கொடுத்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு.

புதிதாக வரும் பயிற்றுநருக்கு எத்தனை நாள் கொடுக்கலாம் என்று அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் வாதாடினோம். நாளை எண்ணியதே தப்பு என்பது அவரை அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் போலச் சந்தா வாங்கி ஓட்டும் சின்னக் குழுக்கள் கோலாலம்பூரில் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கு உதவலாம் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். யார் பெயரும் வேண்டாம்.

பின்னணி

செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் ஆரம்பித்த குழு இது. இப்போது ஆடுகிறவர்களில் ரயில்வேக்காரர் ஒருவர்கூட இல்லை. லாரி அனுப்புகிறவர், மருத்துவமனையில் ஷிப்ட் பார்ப்பவர், கிராப் வாடகைக் கார் ஓட்டுபவர், கணக்காளர், ஏர்கான் பழுது பார்ப்பவர் என்று இருபத்து நான்கு பேர். பெரும்பாலும் தமிழர்கள், நான்கு மலாய்க்காரர்கள், ஒரு சீனப் பையன். மாதச் சந்தா 40 வெள்ளி (ரிங்கிட்). அது போக, சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் வருடத்துக்கு 6,000 வெள்ளியும் ஜெர்சியும் தருகிறார். ஆடுவது ஞாயிற்றுக்கிழமை லீக் ஒன்றில். பன்னிரண்டு குழு, இருபத்திரண்டு ஆட்டம், கடைசி இரண்டு குழுக்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும்.

பதினொரு வருடம் ஒரே பயிற்றுநர்தான் இருந்தார். அவருடைய ஆட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தூக்கி அடி’. பின்னால் பந்து கிடைத்ததும் முன்னால் நிற்கும் உயரமான ஆளை நோக்கித் தூக்கி அடிக்க வேண்டும், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். கேலி செய்தாலும் அது பலன் தந்தது. 2022இல் மூன்றாம் இடம், 2023இல் ஐந்தாம் இடம். ஆனால் அந்த உயரமான ஆளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, கோல் காவலருக்கு நாற்பத்தொன்று, தற்காப்பில் நிற்கும் நால்வரில் மூன்று பேர் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். 2023 கடைசி ஆட்டங்களில் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு நாங்கள் வாங்கிய கோல்களை எண்ணினால் வயிற்றைக் கலக்கும். இந்த நிலையில் பழைய பயிற்றுநர் முழங்கால் அறுவைக்காக ஒதுங்கினார். குழுவை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினால் போதாது என்பதில் ஏழு பேருக்கும் ஒரே கருத்து. எங்களுக்குள் ஒற்றுமை இருந்த கடைசி விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நியமனம்

டிசம்பர் மாதம் மூன்று பேரைப் பார்த்தோம். தேர்ந்தெடுத்தவருக்கு முப்பத்து நான்கு வயது, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் ‘சி’ பயிற்றுநர் உரிமம் வைத்திருந்தார், ஷா ஆலாமில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. பின்னாலிருந்தே பாஸ் பண்ணி மேலே வருவது, பந்தை இழந்த இடத்திலேயே நெருக்கிப் பறிப்பது, 4-3-3 அணிவகுப்பு என்று நாப்கின் தாளில் வரைந்து காட்டினார். எங்கள் தலைவர் கேட்டார்:

“இதுக்கு எவ்வளோ நாள் வேணும் தம்பி?”

“ரெண்டு சீசன் குடுங்கண்ணே.”

“சரி, பார்க்கலாம்.”

கூட்டக் குறிப்பு எழுதியது நான். ‘புதிய பயிற்றுநருக்கு அனைவரும் ஆதரவு’ என்று ஒரே வரி. இரண்டு பருவமும் அதில் இல்லை, பார்க்கலாமும் இல்லை. ஆறு மாதம் கழித்து, அந்தப் ‘பார்க்கலாம்’ என்பது சம்மதமா, இல்லை பேச்சை முடிக்கிற வார்த்தையா என்று நாங்கள் சண்டை போட்டோம். எந்தத் தமிழனைக் கேட்டாலும் இரண்டாவதுதான் என்பான். ஆனால் வேலைக்கு வருகிறவன் காதில் அது முதலாவதாகத்தான் விழும்.

ஜனவரி 25ஆம் தேதி நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று தைப்பூசம். பத்துமலையிலிருந்து நேராக வந்தவர்கள், பாதிப் பேர் மஞ்சள் வேட்டியோடு, கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டத்தைக் கடைத் திரையில் பார்த்தோம். மலேசியா தென் கொரியாவுடன் 3-3, அதுவும் காயங்களுக்கான கூடுதல் நேரத்தின் பதினைந்தாவது நிமிடத்தில் ரொமெல் மொராலெஸ் அடித்த கோலில். பத்து நாளைக்கு முன்னால் ஜோர்டானிடம் 0-4, அப்புறம் பஹ்ரேனிடம் 0-1 என்று தோற்றபோது அப்போதைய மலேசியப் பயிற்றுநர் கிம் பான் கொன்னை மூட்டை கட்டச் சொன்னவர்கள் அதே மேசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். புதிய பயிற்றுநர் என் பக்கம் சாய்ந்து, “அவர் வந்து ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே, பார்த்துக்குங்க” என்றார். நான் தலையாட்டினேன்.

முதல் ஒன்பது ஆட்டங்கள்

பிப்ரவரி 18இல் லீக் தொடங்கியது. 0-4. அடுத்த வாரம் 1-3, அதற்கடுத்து 1-1, மார்ச் 10இல் 0-2. நோன்பு மாதத்துக்காக லீக் நின்றது. ஹரி ராயா (நோன்புப் பெருநாள்) முடிந்து ஏப்ரல் 21இல் திரும்பி வந்தபோது 2-5. பிறகு 2-1 என்று ஒரே ஒரு வெற்றி, 1-2, 0-0, மே 19இல் 0-3. ஒன்பது ஆட்டத்தில் ஐந்து புள்ளி, அடித்தது ஏழு, வாங்கியது இருபத்தொன்று, பட்டியலில் கடைசி.

இந்த வரிசையைப் பார்க்கிற யாருக்கும் ஆளை மாற்று என்றுதான் தோன்றும். எதிராளிகள் யார் என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. முந்தைய பருவத்தில் எங்களுக்கு மேலே இருந்த நான்கு குழுக்களையும் இந்த ஒன்பதுக்குள் சந்தித்து முடித்துவிட்டோம். முதல் சுற்றில் மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று, போன வருடம் இறங்காமல் மயிரிழையில் தப்பிய குழுவுடன். இன்னொன்று, கீழ்ப் பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறி வந்தவர்களுடன்.

திடலில் தெரிந்தது

நடந்தவற்றில் பயிற்றுநரின் தப்பும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் பார்த்தார். கோல் காவலர் காலால் ஆட வேண்டும், தற்காப்பு வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்க வேண்டும், மூன்று பேர் ஓடிப்போய் நெருக்க வேண்டும். முப்பத்தாறு வயதுக்காரர் ஏறி நின்றால் அவருக்குப் பின்னால் முப்பது மீட்டர் காலியிடம். முதல் ஆட்டத்தில் வாங்கிய நான்கு கோல்களில் மூன்று அந்த இடத்தில்தான் விழுந்தன.

அதைவிடப் பெரிய தப்பு, அந்த உயரமான ஆளை முதல் ஆட்டத்தில் உட்கார வைத்தது. உட்கார வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை ஏழரைக்கு வாட்சாப் குழுவில் (எங்கள் பொருளாளர் மட்டும் விடாப்பிடியாகப் புலனம் என்பார்) பதினோரு பெயர் வந்தது, அதில் அவர் இல்லை. மனிதர் அன்றைக்கு இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் திடலுக்குக் கூட்டி வந்திருந்தார். தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் காலணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே மூத்த ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் தனியாக ஒரு வாட்சாப் குழு திறந்துவிட்டார்கள். அது எனக்குத் தெரிய வந்தது மே மாதத்தில்.

இன்னொரு சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. முப்பத்து நான்கு வயதுக்காரர், நாற்பத்தொரு வயதுக் கோல் காவலருக்குக் கட்டளை போட வேண்டும். கட்டளை எப்படிப் போவது? “அண்ணே, ஒரு தடவை பக்கத்துல குடுத்துப் பாருங்கண்ணே” என்று கெஞ்சலாகத்தான் போகும். “சரி தம்பி” என்று பதில் வரும், அடுத்த பந்து வானத்துக்குப் போகும். ஏப்ரல் வரை அப்படித்தான் ஓடியது. ஏப்ரல் கடைசியில் அந்த அண்ணன் என்ன நினைத்தாரோ, சொன்னபடி செய்ய ஆரம்பித்தார். ஏப்ரல் 28இல் கிடைத்த அந்த ஒரே வெற்றியின் முதல் கோல், அவர் கையிலிருந்து இடது பக்கமாக உருட்டிவிட்ட பந்து ஏழு பாஸில் மேலே போய் விழுந்தது. திடலோரம் நின்ற பழைய பயிற்றுநர்கூடக் கை தட்டினார். நானே பார்த்தேன்.

மே 19 கதை வேறு. இரவு பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. 0-1 என்று பின்தங்கியிருந்தோம். கோல் காவலர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு பயிற்றுநரைப் பார்க்கிறார், கோட்டுக்கு வெளியே நின்ற அவருடைய மைத்துனர் “அடிச்சு விடுங்க மாமா!” என்று கத்துகிறார், பயிற்றுநர் உள்ளங்கையைக் கீழே காட்டி நிதானம் நிதானம் என்கிறார். காவலர் நடுவில் நின்ற பையனுக்கு உருட்டினார். பந்து ஒரு நீர்க்குட்டையில் சிக்கி நின்றது. எதிராளி வந்து காலால் தட்டினான், 0-2. ஸ்பான்சர் அந்தப் பருவத்தில் நேரில் வந்து பார்த்த முதல் ஆட்டம் அது. வேறு எந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாலும் பரவாயில்லை.

முதல் முடிவு: ஏப்ரல் 24

2-5 தோல்விக்கு மூன்றாம் நாள் செயலவை கூடியது. உதாரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியமான துணைத்தலைவர், 1986 நவம்பரில் வந்த ஃபெர்குசன் லீக் பட்டத்தை எடுத்தது 1993இல்தான் என்றார். ஆர்சனல்காரரான பொருளாளர் ஆர்ட்டெட்டாவைக் கொண்டு வந்தார். 2019 டிசம்பரில் வந்தவர், இரண்டு பருவம் எட்டாம் இடம், 2021 ஆகஸ்டில் மூன்று ஆட்டமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றுப் பட்டியலின் அடியில் கிடந்தார், அப்போதும் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பருவமே ஐந்தாம் இடம், அடுத்த பருவம் இரண்டாம் இடம். எதிர்த்தரப்பு இங்கிலாந்தின் லெஸ்டர் குழுவைக் காட்டியது. 2016இல் யாரும் கனவு காணாத லீக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்த பயிற்றுநர் ரானியெரியையே 2017 பிப்ரவரியில் அனுப்பினார்கள், அப்புறம் இவர் எம்மாத்திரம்?

தலைவர் கையில் உள்ளூர் அஸ்திரம் இருந்தது. 2010 டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-5 என்று இந்தோனேசியாவிடம் உதை வாங்கிய அதே குழுவை, அப்போதைய மலேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் 26ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என்று ஜெயிக்க வைத்தார், இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-2, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் நம் கையில். “இருபத்தஞ்சு நாள்ல நம்ம ஆளு திருப்பினாரு. இவருக்கு நாலு மாசம் போதலையா?”

பயிற்றுநரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் குரலை உயர்த்தவில்லை. “அந்தப் பசங்கள்ல நெறைய பேரு 2009 சீ விளையாட்டுல (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம் எடுத்தவங்கண்ணே. ஒருத்தன் எங்க ஓடுவான்னு இன்னொருத்தனுக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். எனக்கு அந்த மாதிரி பதினோரு பேரை ஒரே ராத்திரியில பார்க்கக் கிடைச்சதே கம்மி.” அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் எல்லாரும் கேட்டோம். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

முடிவு: முதல் சுற்று முடியும் வரை, அதாவது பதினோரு ஆட்டம் வரை பொறுப்பது. அதுவரை எதைப் பார்ப்பது, எது தேறினால் தொடர்வது என்று ஒன்றும் பேசவில்லை. மறுபடி கூட்டக் குறிப்பில் ஒரே வரி.

இரண்டாவது முடிவு: மே 20

சொன்ன பதினொன்றுக்கு இரண்டு ஆட்டம் முன்பே நாங்கள் வாக்கு மாறினோம். காரணங்களைக் கனத்தின்படி அடுக்கினால் புள்ளிப் பட்டியல் மூன்றாவதாகத்தான் வரும். முதல் காரணம், ஞாயிறு இரவே ஸ்பான்சர் தலைவருக்குப் போன் போட்டு, அடுத்த வருட ஜெர்சியைப் பற்றி ‘அப்புறம் பேசலாம்’ என்றது. இரண்டாவது, அந்த ஐவர் குழு தலைவரைப் பார்த்து, இவர் இருந்தால் அடுத்த வாரம் நாங்கள் வரமாட்டோம் என்றது. ஐந்து பேர் வராவிட்டால், வெளியூர் போனவன், ஷிப்டில் மாட்டியவன் போக ஞாயிறு காலை பதினொன்று தேறுவதே சந்தேகம்.

நான் ஏன் கை தூக்கினேன்? பயந்தேன். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் இளம் பையன்கள் வேறு குழுவுக்குப் போய்விடுவார்கள், ஸ்பான்சரும் போய்விடுவார், நான் செயலாளராக இருக்கும்போது குழு கலைந்தது என்ற பேர் வரும். காற்பந்து பற்றிய யோசனை என் கையைத் தூக்கவில்லை.

நோட்டுப் புத்தகம்

அவரிடம் சொல்லும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது. மறுநாள் இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்து வந்தார். நான் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பிக்கும் முன்னரே புரிந்துகொண்டார். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் ஒன்று சொன்னார், பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“பாருங்கண்ணே. இருபது. அதுல அஞ்சு.”

ஜனவரி 2இலிருந்து மே 16 வரை, செவ்வாயும் வியாழனுமாக இருபது வாரம். தாளில் நாற்பது பயிற்சி. தைப்பூச வாரம் இரண்டு போச்சு, சீனப் புத்தாண்டு வாரம் இரண்டு, நோன்பும் ஹரி ராயாவும் சேர்ந்த ஐந்து வாரத்தில் பத்து, இடி மின்னலோடு வந்த சாயங்கால மழையில் ஆறு. மிச்சம் இருபது. ஒவ்வொரு பயிற்சிக்கும் வந்தவர்கள் பெயரைத் தேதி போட்டு எழுதியிருந்தார். சராசரி பதின்மூன்று பேர். ஞாயிறு ஆடப்போகிற பதினோரு பேரில் ஒன்பது பேராவது ஒன்றாகத் திடலில் நின்ற நாட்கள் ஐந்து. அந்த ஐந்துக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம்.

நான் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். தொழில்முறைக் குழுவுக்கு இருபது பயிற்சி என்பது ஒரு மாதம்கூட இல்லை. பருவம் தொடங்கும் முன்பே ஐந்தாறு வாரம் ஏறக்குறைய தினமும் ஒன்றாக ஓடுவார்கள். ஆர்ட்டெட்டாவின் இருபது மாதத்தை எங்கள் கணக்குக்கு மாற்றினால் பத்து வருடத்துக்குக் குறையாது. ஃபெர்குசன் கணக்கைப் போட்டால் என் பேரன் காலம். ஏப்ரல் கூட்டத்தில் தலைவர் ராஜகோபாலைச் சொல்லிக் கேட்ட அந்த நாலு மாதம், திடலில் பார்த்தால் ஐந்து இரவு.

அவர் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். எங்கள் கணக்காளப் பையன் ஆட்டத்துக்கு ஆட்டம் கோலை நோக்கிய அடிகளைத் தன் போனில் எண்ணி வந்திருக்கிறான். முதல் மூன்று ஆட்டங்களில் நாங்கள் மொத்தம் அடித்தது பதினொன்று, வாங்கியது நாற்பத்தாறு. ஏழு, எட்டு, ஒன்பதாவது ஆட்டங்களில் அடித்தது இருபத்தாறு, வாங்கியது முப்பது. மழையில் ஊறிய அந்த ஞாயிறும் இதில் அடக்கம். கோலில் தெரியாதது இங்கே தெரிந்தது. செயலவையில் ஒருவரும் இதைக் கேட்டு வாங்கவில்லை. அவரும் தானாகக் கொண்டு வந்து காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். “ஜெயிச்சிட்டுக் காட்டலாம்னு இருந்தேண்ணே” என்றார். இரண்டு தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு

பழைய பயிற்றுநர் கைத்தடியோடு திரும்பி வந்து மீதிப் பருவத்தைப் பார்த்துக்கொண்டார். மே 26இல் 3-0, ஜூன் 2இல் 2-1. ‘பார்த்தீர்களா’ என்று ஐவர் குழு துள்ளியது, தலைவர் கடையில் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவை அந்தக் கடைசி இரண்டு எளிய ஆட்டங்கள். யார் இருந்திருந்தாலும் ஜெயித்திருக்கலாம், அதில் நீக்கப்பட்டவரும் அடக்கம்.

நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் அதே ஒன்பது எதிராளிகளை இரண்டாம் சுற்றில் சந்தித்ததைப் பார்க்க வேண்டும். முதலில் ஐந்து புள்ளி, இப்போது ஒன்பது. வாங்கிய கோல் இருபத்தொன்றிலிருந்து பதினான்கு. தேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆடிய பதினொன்றில் மூன்று பேர் ஜனவரியில் அவர் தேடிப்பிடித்துக் கொண்டு வந்த பையன்கள். தூக்கி அடி திரும்பி வந்தாலும், பந்தை இழந்த இடத்திலேயே நெருக்கும் பழக்கம் அந்த மூவரிடமும் ஒட்டிக்கொண்டிருந்தது. எது யாருடைய உழைப்பு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நெதர்லாந்து லீக்கை வைத்துப் பொருளியல் அறிஞர்கள் செய்த ஆய்வில், மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தபோது பயிற்றுநரை மாற்றிய குழுக்களும் மாற்றாத குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மீண்டு வந்தன என்று பிறகு படித்தேன். ஒரு குழு அடியில் கிடக்கும்போதுதான் ஆளை மாற்றுகிறோம், அடியிலிருந்து போகிற வழி மேலேதானே.

ஆகஸ்ட் 18இல் பருவம் முடிந்தபோது இருபத்து மூன்று புள்ளி, ஒன்பதாம் இடம், தப்பித்தோம். அதற்கு முந்தைய மாதமே கிம் பான் கொன் மலேசியக் குழுவை விட்டு விலகிவிட்டார். அந்தச் செய்தியைப் பார்த்ததும் தைப்பூச இரவு நினைவுக்கு வந்தது. நீக்கியவரை அக்டோபரில் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தோம். நாசூக்காக மறுத்துவிட்டார். ராவாங் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

ஐவர் குழுவில் இரண்டு பேர் பருவம் முடிந்ததும் ஓய்வு பெற்றார்கள். யாருக்காக வாக்கு மாறினோமோ அவர்களே அடுத்த வருடம் இல்லை.

அடுத்த நியமனத்தில் மாற்றியவை

நவம்பரில் வேறொருவரை எடுத்தோம். இந்த முறை ஒரு பக்கத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அதில் மாதம், பருவம் என்ற சொல்லே கிடையாது. நாற்பது பயிற்சி, அவ்வளவுதான். ரத்தானது கணக்கில் வராது. ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் நாற்பது கட்டம் போட்ட அட்டை ஒட்டி, நடந்த பயிற்சிக்கு மட்டும் ஒரு கட்டத்தை நிரப்பினோம். பதினைந்தாவது கட்டத்தில் ஒரு முறை உட்கார்ந்து பேச்சு, நாற்பதாவதில் முடிவு. நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஸ்பான்சர் போன் போட்டால் அட்டையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். (அனுப்பினோம். “என்னய்யா இது, கடன் அட்டை மாதிரி இருக்கு” என்றார், ஆனால் ஜெர்சி வந்தது.) பார்க்கப் போவது அடித்த, வாங்கிய அடிகளின் எண்ணிக்கையும் வருகையும். புள்ளிகளைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனை: நாற்பதாவது கட்டத்தில் கடைசி இரண்டு இடங்களில் இருந்தால் வேறு பேச்சு.

அதைவிட உருப்படியான காரியம், கட்டங்களை நிரப்ப வழி செய்தது. மழை வந்தால் ரத்து என்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் கூரை போட்ட ஃபுட்சால் கூடத்தில் ஒரு மணி நேரம் எடுத்தோம். பெரிய திடல் ஆட்டத்தை அங்கே முழுதாகப் பழக முடியாது, ஆனால் நெருக்குவதையும் கோல் காவலரின் காலாட்டத்தையும் பழகலாம். நோன்பு மாதத்தில் தராவீ (இரவுத் தொழுகை) முடிந்த பிறகு, இரவு பத்தரைக்கு வாரம் ஒரு பயிற்சி வைத்தோம். இந்த யோசனையைச் சொன்னது எங்கள் மலாய் ஆட்டக்காரர்கள்தான். முந்தைய வருடம் அவர்களை யாரும் கேட்கவே இல்லை, ரத்து என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம்.

புதியவருக்கும் ஒரு விதி உண்டு. முதல் பதினைந்து பயிற்சியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றலாம். அவர் பந்தை இழந்த இடத்தில் நெருக்குவதை எடுத்துக்கொண்டார், கோல் காவலரைத் தொடவில்லை. பெயர்ப் பட்டியல் சனிக்கிழமை இரவே வரும், உட்காரப் போகும் மூத்தவருக்கு அதற்கு முன் போன் போக வேண்டும். 2025இல் ஆறாம் இடம் வந்தோம். பிரமாதம் ஒன்றும் இல்லை. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளிதான் எடுத்திருந்தோம் என்பதையும், அப்போது அட்டையில் பதினான்கு கட்டம்தான் நிரம்பியிருந்தது என்பதால் யாரும் கூட்டம் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒத்துவராதவையும் உண்டு. பதினைந்தாவது கட்டப் பேச்சு வெறும் சம்பிரதாயமாகப் போனது, ரொட்டி தின்றுவிட்டுக் கலைந்தோம். ஃபுட்சால் கூடத்தின் செலவால் சந்தா 50 வெள்ளியானது, அதில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

எழுதி முடித்ததும் நாங்கள் நீக்கிய பயிற்றுநருக்கு அனுப்பி, வெளியிடலாமா என்று கேட்டேன். படித்துவிட்டு இரவு போன் செய்தார். எல்லாம் சரிதான், ஒரு கணக்கு மட்டும் தப்பு என்றார். ஒன்றாக நின்ற நாட்கள் ஐந்து இல்லை, நான்கு. “சிவப்பு வட்டம் போட்டேன், ஆனா மார்ச் அஞ்சாந் தேதிய அடிக்கணும்ணே. நீங்க லைட்டுக்குக் காசு கட்ட மறந்துட்டீங்க, அரை மணி நேரத்துல இருட்டாயிடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்.” ரசீதுக் கட்டைத் தேடிப் பார்த்தேன். மார்ச் 5க்கு ரசீது இல்லை.